வெளிச்சத்தில் பருப்பு

ஜூன் 3, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. காற்று மட்டும் குறைந்துவிட்டது. இந்தக் கொப்பியில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். எனக்கு வெட்கமாக இருந்தாலும் மாற்றி எழுத மாட்டேன்.

முதல் செய்தி: ஞாயிற்றுக்கிழமைக் காற்றில் எங்கள் பலசரக்குக் கடையின் கூரை போய்விட்டது. தகரமெல்லாம் கீழே தேயிலைக்குள். அரிசி, கோதுமை மா, பருப்பு மூட்டைகள் இப்போது தோட்டத்து லயத்தில் எங்கள் வீட்டு முன்னறையில். கருவாடு என் கட்டிலுக்குக் கீழே. என் சீருடையிலும் அதே வாசம். கடவுளே.

ஒரு நல்லது. கூரையைப் புதிதாகப் போட்டுத்தான் ஆக வேண்டும். பள்ளி நூலகத்தில் நான் திரும்பத் திரும்ப எடுக்கும் கட்டடப் புத்தகம் கடைசியில் உதவப் போகிறது. என் திட்டம்:

– கூரை நடுவில் தகரத்துக்குப் பதில் வெளிச்சம் விடும் கண்ணாடி சீட். பகலில் பல்பு தேவையில்லை.
– சுவர் உச்சியில் வலை அடித்த இடைவெளி. ஈரக்காற்று வெளியே போகும், உப்பு கசியாது.
– கூரைத் தண்ணீர் பீப்பாய்க்கு.

அப்பா படத்தைப் பார்த்தார். "கடை கட்டப் போறோமா, கோவா நடப் போறோமா?" நுவரெலியாப் பக்கம் கோவா மாதிரி காய்கறி வளர்க்கும் பொலித்தீன் கூடாரங்களை நினைத்துச் சொல்கிறார். பிறகு, "கரண்டு நம்ம காலடியிலதானே உண்டாகுது. நோட்டன் பிரிட்ஜ்ல இருந்துகிட்டு லைட்ட மிச்சம் புடிக்கணுமாக்கும்!"

கீழே அணையும் மின் நிலையமும் இருப்பது உண்மைதான். விஞ்ஞான டீச்சரிடம் கேட்க வேண்டும்.

ஜூன் 5, வியாழன்

டீச்சர் சொன்னது: மழை இல்லாத மாதங்களில் அணையில் தண்ணீர் குறையும். அப்போது எண்ணெயும் நிலக்கரியும் எரித்துத்தான் மின்சாரம். ஓடிவந்து அப்பாவிடம் சொன்னேன். அப்பா வானத்தைக் காட்டி, "இப்பப் பேயுதே" என்றார்.

காப்பாற்றியவர் கூரை வேலைக்கு வந்த தச்சர், சிறிபால பாஸ். "மொதலாளி, உங்கட துவ சொல்றது ஹரி. நம்ம வீட்டுக் குசினிக்கும் அப்படித்தான் போட்டது." அவர் சிங்களம் கலந்துதான் பேசுவார்; துவ என்றால் மகள், ஹரி என்றால் சரி. மகள் சொன்னால் மசியாத அப்பா பாஸ் சொன்னதும் மசிந்தார்.

நிபந்தனையோடு. ஒரு கிழமை, ஏழு நாள், பார்ப்பாராம். பகலில் பல்பு போட வேண்டி வந்தால் சீட்டுக்கு மேல் தகரம் அடித்துவிடுவாராம். "அதுக்கப்புறம் கடை விசயத்துல நீ வாயத் தொறக்கக் கூடாது, கௌசி."

சரி என்றேன். நான் சொன்னதை அப்பா இவ்வளவு தூரம் கேட்டது இதுதான் முதல் தடவை. தோற்கக் கூடாது.

ஜூன் 7, சனி

கடை திறப்பு. மழை இல்லை, மேகம். அப்பா சூடம் காட்டினார். அடுத்து வழக்கமாக சுவிட்ச். கை அதுவரை போய்த் திரும்பி வந்தது.

உள்ளே எவ்வளவு வெளிச்சம்! தராசு முள் வாசலிலிருந்தே தெரிகிறது. பிஸ்கட் பெட்டியின் பொடி எழுத்தைத் தள்ளி நின்றே வாசித்தேன்.

யாரும் வரவில்லை.

ரோட்டிலிருந்து பார்க்கிறார்கள், நடக்கிறார்கள். தேயிலைக் கொழுந்தை எடைபோட்டுவிட்டு வந்த கூட்டத்தில் ஒரு குரல்: "லைட்டு எரியல, இன்னும் தொறக்கல போல." அத்தனை பேரும் எங்களுக்குப் போட்டியான மேல்கடைக்குப் போய்விட்டார்கள். எங்கள் ஊரில் பல்பு எரிந்தால்தான் கடை. இது என் புத்தகத்தில் இல்லை.

அப்பா சுவிட்சையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நான் வாசலில் நின்று "தொறந்திருக்கு! வாங்க, வாங்க!" என்று கத்தினேன். அந்த நேரம் பார்த்து என் வகுப்புப் பையன்கள் போனார்கள். எழுதிவிட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

இன்று வந்தார்கள். வந்ததுதான் வினை.

முதலில் ராணி அக்கா. எங்கள் லயத்துக் கடைசி வீடு. மலையில் அவர் வாயைத் திறந்தால் கொழுந்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவே பேச்சை நிறுத்திவிடுவார். பருப்பை ஒரு கை அள்ளி, சீட்டுக்கு நேர் கீழே போய் நின்றார்.

"அண்ணே, இது என்னா?"

"பருப்பு."

"பருப்பு தெரியுது. பக்கத்துல?"

கல். அடுத்து மாவில் வண்டு. கருவாட்டில் வெள்ளையாகப் பூஞ்சணம்.

"இத்தன நாளா இதத்தான் ஆக்கித் தின்னோமா? ஏய், வாங்கடி, வந்து பாருங்கடி!"

வந்தார்கள். ஆளுக்கொரு சாமானைத் தூக்கிக்கொண்டு சீட்டுக்குக் கீழே. சிரிப்பு வேறு. பாதிப் பேர் வெறுங்கையோடு போனார்கள்.

நான் மின்சாரத்தை மட்டும்தான் யோசித்தேன். வெளிச்சம் சாமானையும் காட்டும் என்று யோசிக்கவே இல்லை. மங்கல் பல்பில் அப்பாவுக்கும் தெரிந்திருக்காது. (கருவாடு தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். நடந்தபடி எழுதுவேன் என்றல்லவா சொன்னேன்.)

சாயங்காலம் அப்பா ஏணியும் சாக்குமாகக் கிளம்பினார், சீட்டை மூட. அம்மா கேட்டார்:

"எதுக்கு?"

"மானம் போவுது."

"சீட்ட மூடாதீங்க. பருப்பப் பொடைங்க."

அப்பா பாதி ஏணியிலிருந்து சாக்கைக் கீழே போட்டார். பிறகு இறங்கினார்.

ஜூன் 9, திங்கள்

பள்ளி விட்டு வந்ததும் புடைத்தல், சலித்தல். அப்பா முறத்தைத் தட்டினால் பருப்பு பறக்கிறது, கல் தங்குகிறது. அம்மா சிரித்துச் சிரித்து இருமிவிட்டார். கூரை போனதற்குப் பிறகு இன்றுதான் சிரிக்கிறார்.

பழைய கருவாடு குழிக்குள். பீப்பாய்த் தண்ணீரில் கடையைக் கழுவினோம்.

<u>உப்பு கசியவில்லை.</u>

ஜூன் 11, புதன்

பனிமூட்டம். எதிர் மலை இல்லை. ரோடு இல்லை. பஸ் சத்தம் மட்டும் வருகிறது.

மத்தியானம் பள்ளி விட்டு வந்தபோது கடைக்குள் அரை இருட்டு. சுவரோரம் அப்பா தராசு முள்ளைக் குனிந்து குனிந்து பார்க்கிறார். "நீயே சொல்லு கௌசி. தெரியுதா?"

தெரியவில்லை. அப்படியே சொன்னேன். அழவில்லை. கொஞ்சம் அழுதேன்.

அப்பா சுவிட்சைப் போட்டார். "பாஸுக்குச் சொல்லி அனுப்பணும்" என்றார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அப்போது ராணி அக்கா, நனைந்த சாக்கைத் தலையில் போட்டபடி. பின்னால் ஒரு கூட்டம். வாசலிலேயே நின்று பல்பைப் பார்த்தார். பிறகு அப்பாவை.

"என்னாண்ணே, பகல்ல லைட்டு? இன்னைக்கு எத மறைக்கிறீங்க?"

"மறைக்கிறனா? பனிம்மா! இருட்டா இருக்கு!"

"சீட்டுக்குக் கீழ நின்னாத் தெரியும். லைட்டப் போட்டு விக்கிறதுன்னா மேல்கடையே பக்கம். பருப்பப் பாத்து வாங்கலாம்னுதானே இவளுகளையும் இங்க கூட்டியாந்தேன்."

பின்னால் ஒரே சிரிப்பு. யாரும் திரும்பிப் போகவில்லை.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. தராசைத் தூக்கிக்கொண்டு வந்து சீட்டுக்கு நேர் கீழே வைத்தார். பருப்பு மூட்டையை இழுத்து வந்து பக்கத்தில் பிரித்து வைத்தார். பிறகு போய் லைட்டை அணைத்தார்.