அம்மா ட்ரெய்னிங் போயிருக்காங்க

நேற்றுப் பள்ளி விட்டுத் திரும்பும்போது, புதுச்சத்திரம் தாண்டிப் பேருந்து அந்த ஜவ்வரிசி செய்யும் சேகோ பேக்டரியைக் கடந்தது. மரவள்ளி மாவு புளித்த நாற்றம் சன்னல் வழியாக ஏறியதும், பழக்கதோஷத்தில் பக்கத்து இருக்கைப் பக்கம் திரும்பிவிட்டேன். நீ இருந்திருந்தால் துப்பட்டாவை மூக்கில் அழுத்திக்கொண்டு, "ஏம்புள்ள, இந்த நாத்தத்துல எப்படித்தான் சோறு திங்கறீங்க" என்று கேட்டிருப்பாய். வந்த நாளெல்லாம், ஒரு நாள் விடாமல் அதையே கேட்டவள் நீ. பக்கத்தில் யாரோ ஒரு பெரியவர் இருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏஞ்சாமி, வாந்தி வருதுங்களா" என்று சன்னலை நன்றாகத் திறந்துவிட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். அழுகிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

முதலில் உன்னை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது, தெரியுமா? வாரத்தில் இரண்டு நாள் கவுன்சிலிங் மேடம் வருவார் என்றார்கள். வந்தால், என்னைவிட ஒரு சாண் குள்ளமாக, தோளில் துணிப்பையோடு நீ. இவள் என்ன கிழிக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். தலைமையாசிரியர் உன்னிடம் தள்ளிவிட்ட முதல் பிள்ளை, நான் பாடம் எடுக்கும் வகுப்பின் சஞ்சனா. நான்காம் வகுப்பு. பக்கத்தில் இருப்பவர்களைக் கடிப்பாள். பாடம் நடக்கையில் எழுந்து சன்னலுக்கு ஓடுவாள். சில நாள் உட்கார்ந்த இடத்திலேயே பாவாடையை நனைத்துவிடுவாள்.

"நாலு புத்தி சொல்லுங்க மேடம். கேக்கலீன்னா டிசி குடுத்தர்றேன்" என்றார் தலைமையாசிரியர்.

"புத்தி அப்புறம் சொல்லிக்கலாங்க சார். இந்தக் கொழந்தைக்கு என்ன ஆச்சுன்னு கேட்டீங்களா" என்றாய் நீ.

என்ன ஆச்சு என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். சஞ்சனாவின் அப்பா லாரி டிரைவர். வடக்கே லோடு கொண்டுபோன இடத்தில் விபத்தில் இறந்து, ஆம்புலன்ஸில் உடல் வந்து அடக்கமும் ஆகியிருந்தது. அன்றைக்குப் பிள்ளையை மட்டும் மாமன் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அப்பா லோடு ஏத்திக்கிட்டு அசாம் போயிருக்காரு என்று சொல்லிவைத்தார்கள். நம் பக்கத்தில் இந்தப் பொய் எடுபடும். பாதி வீட்டில் அப்பா என்றாலே மாதக்கணக்கில் வராதவர்தானே. அந்த லோடு மட்டும் நீண்டுகொண்டே போனது. பைபாஸில் ஒவ்வொரு லாரி ஹாரனுக்கும் அந்தப் பிள்ளை சன்னலுக்கு ஓடியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறோம் என்று ஊருக்கே தெரியும். மறைக்காமல் என்ன செய்வது என்றுதான் ஒருவருக்கும் தெரியவில்லை.

நீ அவளை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவளோடு சன்னலில் நின்று லாரி பார்த்தாய். பிறகு என்னையும் இழுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனாய். அவள் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "பச்சக் கொழந்தைங்க. அது தாங்குமுங்களா" என்று கேட்டாள்.

"இப்பத் தாங்கிக்கிட்டு இருக்கறது அதைவிடப் பெருசுங்க. தெனமும் அப்பா வருவாருன்னு எந்திரிக்குது, தெனமும் வரலீன்னு படுக்குது."

"அப்ப நீங்களே சொல்லீருங்க மேடம்."

"நான் சொல்லக்கூடாதுங்க. நீங்கதான் சொல்லோணும். நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

எந்த வார்த்தையில் சொல்வது என்றும் நீதான் சொல்லிக்கொடுத்தாய். சாமிகிட்டப் போயிட்டாரு என்றால் எப்பத் திரும்புவாரு என்று கேட்கும். தூங்கறாரு என்றால் அப்புறம் தானும் தூங்கப் பயப்படும். செத்துட்டாரு என்றே சொல்லுங்கள் என்றாய். எனக்கு உன்மேல் அப்படி ஒரு ஆத்திரம். இரக்கமில்லாதவள் என்றே நினைத்தேன். அந்த அம்மா திக்கித் திக்கிச் சொல்லி முடித்தாள். சஞ்சனா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். "எல்லாத்துக்கும் தெரியுமா? எனக்குத்தான் தெரியாதா?" என்றாள். அப்புறம்தான் அழுதாள். பேருந்தில் திரும்பினோம். இறங்கும் முன்பு, "தாயும் புள்ளையும் இன்னைக்குத்தான் சேர்ந்து அழுதிருக்குது" என்றாய். அன்றைக்குத்தான் எனக்கு உன்னைப் பிடித்தது.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. அதற்குப் பிறகும் சஞ்சனா கடித்தாள். எனக்கே கையில் ஒரு தழும்பு உண்டு. இடைவேளைக்கு ஆசிரியர்களை உட்காரவைத்து, "கொழுப்பான்னு கேக்காதீங்க, என்னாச்சுன்னு கேளுங்க" என்று கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னாய். மணி அடிக்கும் முன் அவளிடம் மெல்லச் சொல்லிவிட வேண்டும், பின்னாலிருந்து தொடக்கூடாது, மிரண்டால் உட்கார அவளுக்கென்று ஒரு மூலை வேண்டும். இவள் ஒருத்திக்கு இத்தனை ராஜ உபசாரமா என்று ஸ்டாஃப் ரூமில் முணுமுணுத்தார்கள். அடுத்த வருடம் அவர்களே தங்கள் வகுப்புப் பிள்ளைகளை உன்னிடம் கூட்டிவந்தார்கள். எந்தப் பிள்ளை என்ன கேட்டாலும் உன்னிடம் ஒரு பதில் இருந்தது. பதில் இல்லாதபோது, "தெரியலை சாமி" என்று கூசாமல் சொன்னாய். தெரியலைன்னு சொல்லலாம், பொய்தான் கூடாது என்பாய்.

அப்படிப்பட்ட உன் வீட்டில் என்ன நடந்தது தெரியுமா?

தலைவலி என்று சேலத்தில் ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பி வரவில்லை. சேதி காதில் விழுந்ததும் பேருந்து ஏறினேன். சேந்தமங்கலத்தில் உன் வீட்டுக்கு நான் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. உன் மகள் மித்ராவைக் காணோம். மேட்டூரில் உன் நாத்தனார் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறோம் என்றார்கள். அன்றைக்கு எனக்கு அதற்கு மேல் கேட்கத் தோன்றவில்லை. கருமாதிக்கு வந்தபோதுதான் பிள்ளை வாசலில் இருந்தாள். ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அத்தை, அம்மா ட்ரெய்னிங் போயிருக்காங்க. எப்ப முடியும்னு உங்ககிட்டச் சொன்னாங்களா?"

உள்ளே போனால் மாலை போட்ட உன் படத்தை பீரோவுக்குள் வைத்துப் பூட்டியிருந்தார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உன் நாத்தனாரிடம் சத்தம் போட்டேன். "ஏனுங்க, ரெண்டாவது படிக்கற கொழந்தை. நாளைக்குப் பள்ளிக்கூடத்துல எவளாவது சொல்லித்தான் இது தெரிஞ்சுக்கோணுமா?" அவர் பாவம், அழுதுகொண்டே, "எங்களுக்கு வேற என்னங்க தெரியும்" என்றார். உன் கணவர் சுவரோரம் நின்றிருந்தார். "அவ எத்தனை ஊட்டுல சொல்ல வெச்சான்னு எனக்குத் தெரியுங்க டீச்சர். எனக்கு வாய் வரலீங்க. நீங்க சொல்லீருங்க" என்றார்.

சொல்லியிருப்பேன். அந்த நிமிஷம் அவ்வளவு ஆத்திரத்தில் இருந்தேன். ஆனால் உன்னோடு இத்தனை நாள் சுற்றியிருக்கிறேனே. நீங்கதான் சொல்லோணும் என்றேன்.

கூட்டத்தை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினோம். உன் கணவர் மித்ராவை மடியில் வைத்துக்கொண்டார். "அப்பா பொய் சொல்லிட்டேன் கண்ணு. அம்மா ட்ரெய்னிங் போகலை. அம்மாவுக்குத் தலைக்குள்ள ரத்தக்குழாய் வெடிச்சிருச்சு. டாக்டருங்க பாத்தாங்க, முடியலை. அம்மா செத்துட்டாங்க."

அவள் அழவில்லை. அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே யோசித்தாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்: "இது அம்மாவுக்குத் தெரியுமா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் யாரைப் பார்ப்பேன், சொல். பிள்ளைகள் கேட்பதையெல்லாம் இதுவரை உன்னிடம்தானே கேட்டேன்.

"தெரியலை சாமி" என்றேன்.

"அப்ப யாராச்சும் சொல்லோணும்ல? இல்லீன்னா எப்பவும்போல அப்பா கூட்டிட்டுப் போக வருவாங்கன்னு பஸ் ஸ்டாண்டுலயே நிப்பாங்க."

"நான் சொல்லீர்றேன் சாமி" என்றேன். அப்போதுதான் அவள் அழ ஆரம்பித்தாள்.

உன் இடத்துக்கு இன்னும் யாரையும் போடவில்லை. பிள்ளைகள் என்னிடம்தான் வருகிறார்கள். உன் படிப்பு எனக்கில்லை. கூட உட்கார்ந்திருக்க மட்டும் தெரியும், அதைச் செய்கிறேன். ஆனால் மித்ராவுக்குக் கொடுத்த வாக்கை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். பார்க்கும்போதெல்லாம், "சொல்லிட்டீங்களா அத்தை" என்று கேட்கிறாள். சொன்னால் எனக்கே அது உறுதியாகிவிடுமே என்று பயந்தேன். இனிமேலும் அவளிடம் இழுத்தடித்தால் அதுவும் ஒரு பொய்தான்.

புள்ள, நீ செத்துட்ட. இனி வர முடியாது. மித்ராவுக்குச் சொல்லியாச்சு, அவளும் அவள் அப்பாவும் சேர்ந்துதான் அழுதார்கள். உன்னைக் கூட்டிப்போக யாரும் வரமாட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் நிற்காதே.