நடுங்காத கோடு

ஜூன் 3, திங்கள்
அலுமினியத் தகட்டை இழுத்தால் எவ்வளவு நீளும் என்று என் கம்ப்யூட்டர் கணக்கு ஒன்று சொல்கிறது. கீழ்த்தளச் சோதனைக்கூடத்தில் நிஜமாகவே இழுத்து எனக்கு அனுப்புகிற அளவுகளில் எப்போதும் கூடுதலாக நீள்கிறது. நாலு மாதமாக இதே மல்லுக்கட்டு. 28ஆம் தேதிக்குள் இரண்டும் ஒத்துவராவிட்டால் வேலை நீட்டிப்பு கிடையாது என்று தலைவர் சொல்லிவிட்டார், சிரித்துக்கொண்டே.

இன்று நான் வாய் திறந்து பேசியது: லிஃப்டில், "மூணாவது மாடி."

ஜூன் 9, ஞாயிறு
அம்மா போன். "உன் ஃப்ரெண்டுக்கு இருமல் தேவலையா?"

எனக்கு ஃப்ரெண்டே கிடையாது. போன வருஷம் அம்மா "தனியாவா சாப்பிடுற?" என்று கேட்டதும் பதறிப்போய், பக்கத்து மேசையில் ஒருத்தி இருப்பதாக அவிழ்த்துவிட்டேன். இப்போது அவளுக்குச் சுருட்டை முடி, கோபக்கார மாமியார், இருமல் எல்லாம் வந்தாயிற்று. "தேவலைம்மா" என்றேன். பக்கத்து மேசையில் இருப்பது பிரிண்டர்.

ஜூன் 12
சமன்பாட்டை மறுபடி மாற்றினேன். ஆறு மணி நேரம் ஓடியது. அதே இடைவெளி.

ஜூன் 16, ஞாயிறு
ஃப்ரெண்டும் மாமியாரும் சமாதானமாகிவிட்டார்கள் என்றேன். அம்மாவுக்கு ரொம்பச் சந்தோஷம். போனை வைத்ததும் அழுகை வந்துவிட்டது. இல்லாதவள் மேல் பொறாமையா — எனக்கென்ன பைத்தியமா?

ஜூன் 19
சோதனை ஃபைல் ஒன்று பாதியில் அறுந்திருந்தது. மெயிலுக்குப் பதில் இல்லை. வேறு வழியில்லாமல் கீழே போனேன், நாலு மாதத்தில் முதல் தடவையாக. இயந்திரத்தைப் பார்த்துக்கொள்வது ஓர் அக்கா. "மூணாவது மாடியா? நீங்க ஆம்பளைன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்!"

ஒரு தகட்டை மாட்டினார். அதைக் கவ்வும் பிடியின் விளிம்பை ஒட்டித் தகட்டில் பென்சில் கோடு போட்டு இழுத்தார். கோடு மெல்லப் பிடியை விட்டு வெளியே வந்தது.

"வழுக்குதே!"

"வழுக்கும்தான். மெஷின் அதையும் சேத்துத்தான் எழுதும்."

"ஏன்க்கா சொல்லல?"

"நீங்க கேக்கலையே. தகட்டுலயே அளவுக்கருவி மாட்டணும்னா படிவத்துல ஒரு கட்டம் இருக்கு. நீங்க டிக் போடல. வேணாம்போலன்னு விட்டுட்டேன்."

அந்தக் கூடுதல் நீளம் தகட்டுடையதே இல்லை. முதல் வருஷ மாணவர்கள் செய்கிற தப்பு. வெட்கமாக இருந்தது. அக்கா டீ கொடுத்தார்.

ஜூன் 25
கருவி மாட்டி எடுத்த அளவுகள் வந்தன. வரைபடத்தில் இரண்டு கோடும் ஒன்றின் மேல் ஒன்று! என்னுடையது வழவழவென்று போகிறது. நிஜக் கோடு நெடுக நடுங்கிக்கொண்டே கூட வருகிறது. லேப்டாப்போடு கீழே ஓடினேன். அக்கா எட்டிப் பார்த்தார். "எது உங்களோடதுன்னு கேக்கவே வேணாம். இவ்ளோ சுத்தமா எதுவும் நீளாது."

சாப்பாட்டு டப்பாவோடு கீழேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஜூன் 30, ஞாயிறு
வேலை ஒரு வருஷம் நீண்டுவிட்டது. அம்மாவிடம் சொன்னேன். அக்காவோடு வெள்ளிக்கிழமை வந்த சண்டையையும் சொன்னேன்: என் தகடுகளை அடுத்த வாரம்தான் இழுப்பாராம். நான் கத்த, அவர் கத்த, கடைசியில் என் டப்பாவிலிருந்தே எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டு கத்தினார்.

அம்மா சிரித்தாள். பிறகு மெதுவாக, "இவங்க நெஜமாவே இருக்காங்க, இல்ல?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"அந்தப் பொண்ணோட ஒரு வருஷத்துல உனக்கு ஒரு சண்டைகூட வரலையேடி. எனக்கு எப்பவோ தெரியும்."

"அப்புறம் ஏம்மா கேக்கல?"

"கேட்டா அவளும் போயிடுவா. நீ யாரோட சாப்பிடுவ?"