ஹார்லிக்ஸ் பாட்டிலில் நாற்பது நாள்

25 பிப்ரவரி 1976, புதன்

நோட்டுப் போடச் சொல்லியிருக்கிறார் டாக்டர் ஆறுமுகநயினார். என்ன தின்றேன், எவ்வளவு நடந்தேன், எத்தனை மணி நேரம் தூங்கினேன், மனம் எப்படி இருந்தது, எல்லாம் எழுத வேண்டுமாம். இவர் பள்ளிக்கூடத்தில் என்னிடம் வேதியியல் படித்தவர். பெனடிக்ட் கரைசல் பரிசோதனையில் மஞ்சளைப் பச்சை என்று எழுதியதற்காக அரை மணி நேரம் பெஞ்சில் ஏற்றி நிறுத்தியிருக்கிறேன். இன்று அதே நீலக் கரைசலில் என் சிறுநீரை எட்டுச் சொட்டு விட்டுச் சூடாக்கி, என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"என்ன நிறம் சார்?"

"செங்கல் சிவப்பு."

"சரியாச் சொல்லிட்டீய."

திராட்சைச் சாற்றில் சர்க்கரை இருப்பதை இருபத்தெட்டு வருடமாகப் பையன்களுக்குக் காட்டி வருகிறேன். சர்க்கரை இல்லாவிட்டால் கரைசல் நீலமாகவே இருக்கும்; ஏற ஏறப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, கடைசியில் செங்கல். இப்போது நானே திராட்சை. வயது ஐம்பத்திரண்டு, எடை எண்பத்தொன்று.

மனம்: களைப்பு.

26 பிப்ரவரி

டாக்டரின் பட்டியல். சீனி கூடாது. சோறு ஒரு வேளை, அதுவும் அளந்து. தினம் ஒரு மணி நேரம் நடை. எட்டு மணி நேரத் தூக்கம். கவலைப்படக் கூடாது. கடைசி விதியை எழுதும்போது அவர் நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை.

என் அண்ணன் மனுவேல் சீனி வியாதியில் முதலில் ஒரு காலை இழந்தான். பிறகு மீதியையும் இழந்தான். அவன் செத்து மூன்று வருடமாகிறது. போன வருடம் என் மகள் அல்போன்சாவுக்கு மணப்பாட்டிலிருந்து வந்த சம்பந்தம், "அது சீனிக் குடும்பமாமே" என்ற ஒரே வரியில் முறிந்தது. இசபெல்லா ஒரு மாதம் அழுதாள். இப்போது வேறோர் இடம் கூடி வருகிறது. துறைமுகத்தில் சரக்கு ஏற்றும் காண்ட்ராக்ட் எடுக்கும் மரியானின் மகன் வளன். அவர்கள் இன்னும் எதுவும் கேட்கவில்லை. பாஸ்குத் திருநாள், அதாவது ஈஸ்டர், முடிந்ததும் கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்துவிடலாம் என்று பேச்சு. அதுவரை, வலது கால் கட்டைவிரலில் இரண்டு மாதமாக ஆறாமல் இருக்கும் செருப்புக்கடிப் புண்ணும் நானும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்.

வீட்டில் சொல்லவில்லை. இசபெல்லாவிடம் சொன்னால் அவள் மாதாவிடம் சொல்வாள். அவள் மாதாவிடம் பேசுவது மூன்றாவது பெஞ்சு வரை கேட்கும்.

29 பிப்ரவரி, ஞாயிறு

நடக்கவில்லை. அடுத்த வருடம் முத்துக்குளிப்பு உண்டு என்று இந்த ஊரில் பதினைந்து வருடமாகச் சொல்லி வருகிறார்கள். என் உடற்பயிற்சியும் அந்த இலாகாவில்தான் இருக்கிறது.

2 மார்ச்

காப்பிக்கு ஏன் சீனி வேண்டாம் என்று கேட்டால் என்ன சொல்வது? நாள் முழுக்க இதே யோசனை. சாயங்காலம்தான் நாள்காட்டி கண்ணில் பட்டது. நாளை விபூதிப் புதன், நாற்பது நாள் தபசு காலத்தின் தொடக்கம். வாயைக் கட்டு, விடியலில் எழுந்திரு, கோயிலுக்கு நட, மனதை ஆராய்ந்து பார். என் டாக்டர் போன வாரம் கண்டுபிடித்ததைத் திருச்சபை ஆயிரத்துச் சொச்சம் வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அங்கே ஃபீஸ் கிடையாது.

3 மார்ச், விபூதிப் புதன்

"பாஸ்கு வரைக்கும் சீனி வேண்டாம். நேர்ச்சை. தினம் காலைப் பூசைக்கு நடந்தே வாரேன்" என்றேன்.

இசபெல்லா அகப்பையைக் கீழே வைத்தாள். கல்யாணம், சாவு, கிறிஸ்மஸ் தவிர நான் கோயில் பக்கம் போய் இருபத்து நான்கு வருடமாகிறது.

"மாதா கண்ணத் தொறந்துட்டா."

"யாரு கண்ண?"

"ஒங்க கண்ணத்தான்."

அடுப்பை அணைத்துவிட்டு உடனே மெழுகுவர்த்தி வாங்கப் போனாள். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் காப்பி சீனி இல்லாமல் வந்துவிட்டது.

5 மார்ச்

அடுக்களை அலமாரியில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். என் காப்பிக்கும் டீக்கும் தினம் போக வேண்டிய சீனியை இசபெல்லா அதில் எடுத்து வைக்கிறாள்.

"நேர்ச்சைச் சீனி. பாஸ்குக்கு மக்ரூன் போட்டுருவோம். சீனியும் முந்திரியும் குடுத்தா பேக்கரில போட்டுத் தருவான். நாப்பது நாள் விட்டத ஒரே நாள்ல தின்னுருங்க."

என்னைக் கொல்லத் தேவையான பொருளை அன்போடு சேமிக்கிறாள். பாட்டிலின் அடி மறைந்துவிட்டது.

8 மார்ச்

நடை: வீட்டிலிருந்து பீச் ரோடு, பழைய துறைமுகம், அங்கிருந்து கோயில். தோணிகள் கட்டிக் கிடக்கின்றன. சங்கு சேர்த்து வைக்கும் கிட்டங்கியின் நாற்றம் முதல் கால் மணி நேரம் தாங்க முடியவில்லை. பிறகு எனக்கு மூச்சு வாங்குவதால் அது தெரிவதில்லை.

பூசை முடிந்து வெளியே வந்தால் மரியான் நிற்கிறார்.

"சார்வாள் இம்புட்டுப் பக்தியான ஆளுன்னு தெரியாமப் போச்சே! எம் பொஞ்சாதி நேத்தே சொல்லிட்டா. தேவபிரசாதம் சார் வீட்ல பொண்ணெடுக்கதுக்குக் குடுத்து வச்சிருக்கணும்னு."

பொய்க்கு இவ்வளவு சீக்கிரம் பலன் கிடைத்தால் மனிதன் எப்படித் திருந்துவான்?

13 மார்ச், சனி

பள்ளிக்கூடம் விட்ட பிறகு பரிசோதனைச் சாலையைப் பூட்டிக்கொண்டு நானே சோதித்தேன். ஆரஞ்சு. சிவப்பிலிருந்து ஒரு படி இறக்கம். வெளியே வந்ததும் அட்டெண்டர் பேச்சிமுத்து வழி மறித்தான்.

"சார், உள்ள என்ன காய்ச்சுதீய? மதுவிலக்குக்காரன் வந்தா எனக்கும் சேத்துல்லா வெலங்கு மாட்டுவான்."

"ஆராய்ச்சி" என்றேன்.

"வாசம் அப்படி இல்லையே சார்."

20 மார்ச், சனி

மறுபடி செங்கல். ஏன்? ஒரு வாரமாகச் சோற்றை அளந்தேன், ஒருநாள் விடாமல் நடந்தேன் — பிறகு ஏன்? வீட்டுக்கு வந்து காப்பியைக் குடிக்கும்போதுதான் உறைத்தது. இந்த வாரம் காப்பி குடிக்கும்படி இருக்கிறது.

"இதுல என்ன போட்ட?"

"கருப்பட்டி. ஒடங்குடிக் கருப்பட்டி. நேர்ச்சை சீனிக்குத்தான? கருப்பட்டிக்கு இல்லேல்லா. ஒங்க மொகத்தப் பாக்க முடியல, அதான்."

கருப்பட்டியையும் நேர்ச்சையில் சேர்த்தேன். அவள் கண் கலங்கிவிட்டது. அவள் மனத்தில் நான் இப்போது புனிதர் வரிசையில் கடைசி ஆளாக நிற்கிறேன். வெகு சீக்கிரம் முன்னேறி வருவதாகவும் தெரிகிறது.

27 மார்ச், சனி

மஞ்சள். புண் சிறுத்திருக்கிறது. ஏழு மணி நேரம் தூங்கினேன். யாரிடமும் சொல்ல முடியாத நல்ல செய்தி.

2 ஏப்ரல்

எடை எழுபத்தேழு. உடம்பு தேறுகிறது, மனத்தைப் பற்றி டாக்டர் கேட்டால் என்ன எழுதுவது? பூசையில் கண்ணை மூடினால் பக்தி என்கிறார்கள். நான் புண்ணைப் பற்றி நினைக்கிறேன், மகளைப் பற்றி நினைக்கிறேன், சில நாள் அப்படியே தூங்கியும் போகிறேன். பாட்டில் கழுத்து வரை நிறைந்துவிட்டது. இன்று அதைத் தட்டித் தட்டி இன்னும் இடம் பண்ணினாள்.

11 ஏப்ரல், குருத்து ஞாயிறு

மாட்டிக்கொண்டேன்.

பெரிய வியாழன் சாயங்காலம் கோயில் குருவான பங்குச்சாமி பன்னிரண்டு பேரின் பாதத்தைக் கழுவுவார். இயேசு தம் சீடர்களின் காலைக் கழுவிய அப்போஸ்தலர் கணக்கு. தபசு காலம் முழுவதும் முன்மாதிரியாக நடந்துகொண்டவர்கள் என்று இன்று பெயர் வாசித்தார்கள். ஏழாவது பெயர் என்னுடையது. எட்டாவது மரியான். பீடத்துக்கு முன்னால் நாற்காலி, ஊர் முழுக்கப் பார்த்திருக்க வலது காலை நீட்ட வேண்டும். இடது காலை நீட்டலாமா என்று, பூசைக்கு எடுபிடி பார்க்கும் கோயில்பிள்ளையிடம் கேட்டேன்.

"நாங் கோயில்பிள்ளையா ஆன நாள்ல இருந்து வலதுதான் சார். சாமிக்கு அந்தப் பக்கந்தான் குனிய வரும்."

புண் முக்கால் ஆறிவிட்டது. மீதிக் கால் பாகம் கறுப்பாக, பார்ப்பவர்களுக்கு வசதியான இடத்தில் இருக்கிறது.

13 ஏப்ரல், செவ்வாய்

அல்போன்சாவுக்குத் தெரிந்திருக்கிறது. எத்தனை நாளாக? நான் புண்ணில் சுற்றிய துணியைக் கிணற்றடியில் ஒளித்து ஒளித்துத் துவைத்தேன். அவள் அதை எடுத்து வெந்நீரில் போட்டுத் திரும்ப அங்கேயே வைத்திருக்கிறாள். துணி தானாக வெளுத்ததை மாதா செயல் என்று நினைத்திருந்தேன் போல.

"பெரியப்பாவுக்குக் கட்டுப் போட்டதே நாந்தானப்பா. எனக்குத் தெரியாதா?"

கல்யாணம் முடியும்வரை பொறு என்றேன்.

"ஓலை வாசிக்கையில, தடை தெரிஞ்சவங்க சொல்லுங்கன்னு சாமி கேப்பாவல்லா? அப்ப நான் எந்திரிச்சு நிக்கணுமா, இல்ல குனிஞ்சு இருக்கணுமா?"

"ஏளா, மணப்பாட்டுக்காரங்க மாதிரி இவங்களும் போயிட்டா?"

"போனா போட்டும். ஒளிச்சு வச்சுட்டு அந்த வீட்ல நான் எத்தன வருசம் இருக்க?"

இருபத்தெட்டு வருடம் பாடம் நடத்திய வாய், துணி காய்ந்துவிட்டதா என்று கேட்டது.

15 ஏப்ரல், பெரிய வியாழன்

பன்னிரண்டு நாற்காலி. நாங்கள் பன்னிரண்டு பேரும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிய காலோடு, கழுவப்படுவதற்காக உட்கார்ந்திருந்தோம். துணியை அவிழ்த்து வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டேன். சாமி தண்ணீரை ஊற்றினார், துண்டால் ஒற்றினார், விரலைப் பார்த்து ஒரு கணம் நின்றார், பிறகு குனிந்து முத்தமிட்டார். அந்த ஒரு கணம் மரியானுக்குப் போதுமானதாக இருந்தது. பாட்டு நடந்துகொண்டிருந்தது. மரியான் என் காதருகே குனிந்து கேட்டார்.

"செருப்புக் கடியா, சார்வாள்?"

நல்ல மனிதர். பதிலையும் அவரே எடுத்துக் கையில் கொடுத்தார். ஆமாம் என்று தலையை ஆட்டினால் முடிந்தது. நாற்பது நாளாக எத்தனை முறை ஆட்டிய தலை. ஆனால் கால் ஈரமாக இருந்தது, ஏனோ மிகவும் அலுத்துப்போய்விட்டது.

"கடிச்சது செருப்பு. ஆறவிடாதது சீனி. மூணு மாசமா இருக்கு. எங்கண்ணனுக்கும் அதுதான்."

சாமி மரியானின் காலுக்கு நகர்ந்துவிட்டார். பூசை முடிந்ததும் மரியான் எனக்காக நிற்காமல் போய்விட்டார்.

16 ஏப்ரல், பெரிய வெள்ளி

ஊரே துக்கமாக இருந்ததால் என்னிடம் யாரும் காரணம் கேட்கவில்லை.

17 ஏப்ரல்

இசபெல்லாவிடம் சொன்னேன். மக்ரூனுக்கு முந்திரி உடைத்துக்கொண்டிருந்தாள். மரியானிடம் சொன்னதையும் சொன்னேன். சம்பந்தம் போய்விடுமே என்று அழுவாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு.

"அப்ப நாப்பது நாளும் பொய்யா?"

"சீனிய விட்டது நெசந்தான்."

"நான் சீனியக் கேக்கல."

முப்பது மெழுகுவர்த்திக்கு மேல் ஏற்றியிருக்கிறாள், நன்றி சொல்லி. அதை நான் யோசிக்கவே இல்லை. என் புண், என் மகள், என் காப்பி. இவள் சந்தோஷமாக இருந்தாள் என்பதை மட்டும் இந்த நோட்டில் எங்கும் காணோம். தேடிப் பார்த்தேன்.

எழுந்து போய்ப் பாட்டிலை எடுத்தாள். கீழே போட்டு உடைப்பாள் என்று பார்த்தேன். பையில் வைத்துக்கொண்டு பேக்கரிக்குப் போய்விட்டாள். வாரவங்களுக்கு வேண்டுமாம்.

18 ஏப்ரல், பாஸ்கு ஞாயிறு

மக்ரூன் தட்டு நிறைய, வெள்ளை வெளேரென்று சின்னச் சின்னக் கூம்பாக. வருவதாகச் சொன்ன மரியான் வீட்டார் வரவில்லை. மூன்று பேரும் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அல்போன்சா ஒன்றை எடுத்து வாயில் போட்டு, "நல்லாருக்கும்மா" என்றாள்.

20 ஏப்ரல், செவ்வாய்

பள்ளிக்கூடம் லீவு. பரிசோதனைச் சாலைக்குப் போனேன். கதவைத் தட்டும் சத்தம். பேச்சிமுத்து என்று திறந்தால் மரியான். சாப்பாட்டுப் பைக்குள் கையை விட்டு, செய்தித்தாளில் சுற்றிய ஓர் இருமல் மருந்துப் பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்தார். உள்ளே இருந்தது இருமல் மருந்தில்லை.

"இதையும் ஒருக்கப் பாத்துச் சொல்லும் வே."

சூடாக்கினேன். பையன்கள் உட்காரும் பெஞ்சில் முழங்காலை ஒட்டி வைத்து உட்கார்ந்திருந்தார்.

"என்ன கலரு?"

"ஆரஞ்சு."

"நல்லதா?"

"நான் செங்கல்ல ஆரம்பிச்சேன். அதுக்கு இது ஒரு படி மேல்."

இடுக்கியோடு குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஒரு வருசமா தொண்ட வறண்டுக்கிட்டே இருக்கு. கடல்காத்துன்னு நெனச்சேன். ஒம்ம கால பாத்த பெறகுதான்... பொண்ணு வேண்டாம்னு சொல்லணும்னு வெள்ளிக்கெழம பூரா வீட்டுக்குள்ள ஒத்திக பாத்தேன். சொல்லிட்டு நாளைக்கு என் கலரு இப்படின்னு தெரிஞ்சா, எம் மவன எவ கட்டுவா?"

"பையன்கிட்ட சொல்லணும்."

"ஒம்மது சனிக்கெழமையே சொல்லிட்டேன். அதுக்கு நான் ஏம்ப்பா அல்போன்சாவ விடணும்னு கேக்கான். என்னதையும் இன்னைக்குச் சொல்லிருதேன்." எழுந்தவர் வாசலில் நின்றார். "மக்ரூன் இருக்கா?"

"இருக்கு. உமக்குக் கிடையாது."

இரு பக்கமும் சீனி. பேரப்பிள்ளைகள் நடக்கப் பழகிய பிறகு நிற்கக் கூடாது என்று இப்போதே எழுதி வைக்க வேண்டும்.

25 ஏப்ரல், ஞாயிறு

முதல் ஓலை. தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றார் சாமி. மரியானும் நானும் ஒரே பெஞ்சில். எங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லியாகிவிட்டது. அல்போன்சா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

இசபெல்லா இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

13 மே

நேற்று கல்யாணம். எல்லார் இலையிலும் இனிப்பு. எங்கள் இருவர் இலையிலும் வெள்ளரிக்காய். களைப்பு, எழுத முடியவில்லை. நடந்தேன்.

19 ஜூன், சனி

எடை எழுபத்து மூன்று. புண் ஆறி, தழும்பும் மங்குகிறது. டாக்டர் நோட்டை நிறுத்தலாம் என்றார். பார்க்கலாம்.

காலையில் கிளம்பும்போது இசபெல்லாவும் செருப்பை மாட்டினாள். பூசைக்கு, என்னோடு அல்ல என்றாள். பீச் ரோடு முழுக்க என்னோடு அல்லாமல் பத்தடி முன்னால் நடந்தாள். பழைய துறைமுகத்தில் மரியான் சேர்ந்துகொண்டார். கோயில் வந்ததும் அவள் உள்ளே போனாள். எங்கள் நடை அங்கேயே முடிந்துவிடும், திரும்பியிருக்கலாம். உள்ளே போய் உட்கார்ந்தேன். யாரும் கேட்கவில்லை, நேர்ச்சை எதுவும் பாக்கியில்லை.

வீட்டுக்கு வந்து பார்த்தால் என் மேஜையில் ஹார்லிக்ஸ் பாட்டில், கழுவிக் காயவைத்து.

"ஒங்க நீலத் தண்ணிய இதுல வச்சுக்கிடுங்க. ஸ்கூல்ல போயி ஒளிஞ்சு ஒளிஞ்சு காய்ச்ச வேண்டாம். இங்கனயே காய்ச்சுங்க."

காய்ச்சினேன். அவளும் பக்கத்தில் நின்று பார்த்தாள்.

"மாறவே இல்லையே, கெட்டுப்போச்சா?" என்றாள்.

"இல்ல. நீலமாத்தான் இருக்கணும்."