மினாமோவின் பாதி முகம்

மோகா, தோச்சிகி
ஜூன் 24

மதிப்பிற்குரிய குளிர்ந்த தோஃபு அவர்களுக்கு,

இப்படி அழைப்பதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். உங்கள் உண்மையான பெயர் எனக்குத் தெரியாது. என் மகன் வதாருவின் காரில், பின்சக்கரத்துக்கு மேலே, சின்ன எழுத்தில் 'படம்: குளிர்ந்த தோஃபு' என்று எழுதியிருக்கிறது. தட்டில் வைத்துச் சாப்பிடுகிற சோயாப் பண்டத்துக்கு இந்த வயதில் மரியாதையாகக் கடிதம் எழுதுவேன் என்று நான் நினைத்ததில்லை. சுமியே, அதாவது என் மனைவி, "சிரிக்காம எழுதுங்க, அவங்க வதாருவோட சிநேகிதர்" என்கிறாள். நான் சிரிக்கவில்லை.

என் பெயர் நெமோத்தோ ஷோஹெய். ஸ்ட்ராபெரி பயிரிடுகிறேன். எங்கள் பக்கம் மழைக்காலம் பிடித்துக்கொண்டது. பழம் பறித்து முடிந்து இப்போது நாற்று வேலை. பசுமைக்குடில்களுக்குள் நின்றால் வேட்டைநாய் மாதிரி மூச்சு வாங்குகிறது. நீங்கள் ஆணா பெண்ணா, என் மகன் வயதா என் வயதா என்பதுகூடத் தெரியாமல் நலம் விசாரிக்கிறேன். நலமாக இருக்கிறீர்களா?

உத்சுனோமியாவில் ஸ்டிக்கர் கடை வைத்திருக்கும் ஓனுகியிடம் போய் உங்கள் விலாசம் கேட்டேன். "விலாசமெல்லாம் தரக் கூடாது சார். நீங்க எழுதிக் குடுங்க, நான் அனுப்பி வைக்கிறேன்" என்றார். நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றதைப் பார்த்து, சுவரில் இருந்த ஒரு போட்டோவைக் காட்டினார். ஆஷிகாகாவில், இப்படிப் படம் ஒட்டிய கார்க்காரர்கள் கூடிய இடத்தில் எடுத்ததாம். வதாருவின் காரும் உங்கள் காரும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. வதாரு வாயைப் பிளந்து சிரிக்கிறான். அவனுடைய கடைவாய்ப் பல் தெரிய நான் கடைசியாகப் பார்த்தது அவன் பள்ளிக்கூடம் போன காலத்தில். உங்கள் முழங்கை மட்டும்தான் படத்தில் விழுந்திருக்கிறது. அந்த முழங்கையை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

என்னைப் பற்றி வதாரு உங்களிடம் நல்லதாக எதுவும் சொல்லியிருக்க மாட்டான். அந்தக் காரை அவன் முதல்முறை வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியபோது நான் ஆடிப்போய்விட்டேன். வெள்ளைக் காரை வாங்கித் தந்தது நான். அதன் பானெட் முழுக்க ஏதோ கார்ட்டூன் தொடரில் வருகிற பெண்ணின் ஸ்டிக்கர், தலையில் கண்டக்டர் தொப்பி, கையில் டிக்கெட் கத்திரி, சுற்றிலும் மீன்கள். இப்படிப்பட்ட கார்களுக்கு 'வலி வண்டி' என்று உங்கள் கூட்டத்தாரே பெயர் வைத்துக்கொண்டு சிரிப்பீர்களாமே. எனக்கு அன்று நிஜமாகவே வலித்தது. "டேய், பொண்ணு பாக்கப் போறப்பவும் இதுலதான் போவியா?" என்று கேட்டேன். "ஆமாப்பா. மொதல்லயே தெரிஞ்சிடும்ல" என்றான். சுமியே மட்டும் கொஞ்சமும் கூச்சப்படாமல் அதில் ஏறி மீன் வாங்கப் போவாள். இறங்கும்போது பானெட்டைப் பார்த்துத் தலைகுனிந்து, "நன்றி மினாமோ" என்பாள். அவளுக்கு அந்தப் பெண்ணின் பெயர் அப்போதே தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை.

சென்ற இலையுதிர் காலத்தில் நீங்கள் உங்கள் காரை விற்றுவிட்டு, அம்மாவைப் பார்த்துக்கொள்ள ககோஷிமாவுக்குப் போய்விட்டதாக ஓனுகி சொன்னார். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. அம்மா என்றால் போகத்தான் வேண்டும். அதே சமயத்தில்தான் வதாருவின் தொழிற்சாலையில், வெளியாட்கள் பார்வையிட வருகிற நாளில் "அந்தப் பொம்ம வண்டியக் கொண்டுபோய் பின்னாடி நிறுத்து" என்று மேலாளர் எல்லோர் முன்னாலும் சொன்னாராம். இதை அவன் எங்களிடம் சொல்லவில்லை. சந்தையில் வேறொருவர் சொல்லித் தெரிந்தது. அதுதான் காரணமா, இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று தெரியாது. பக்குவமாகக் கேட்கத் தெரிந்திருந்தால் கேட்டிருப்பேன். எனக்குச் சத்தம் போடத்தான் தெரியும். வருடக் கடைசியில் வேலையை விட்டான். பிறகு மாடி அறையை விட்டு வருவதில்லை. சுமியே சாப்பாட்டை ஒரு தட்டில் கதவுக்கு வெளியே வைக்கிறாள். காலித் தட்டு திரும்பி வருகிறது. இப்போதெல்லாம் பாதித் தட்டு.

ஆனால் ஒன்று இருந்தது. குளிர்காலத்தில் நாங்கள் விடியும் முன்னே பழம் பறிக்கப் போய்விடுவோம். அந்த நேரத்தில் அவன் இறங்கி வந்து காரைத் துடைப்பான். எங்களுக்கு அது எப்படித் தெரியும் என்றால், நாங்கள் திரும்பி வரும்போது கொடியில் ஒரு நீலத் துணி ஈரமாகத் தொங்கும். அதைப் பற்றி நாங்கள் அவனிடம் பேசியதே இல்லை. பேசினால் நின்றுவிடுமோ என்று பயம். வண்டியைத் திருப்பி வளைவில் வரும்போதே சுமியே கழுத்தை நீட்டிப் பார்ப்பாள். "காயுதுங்க" என்பாள். அந்த ஒரு வார்த்தையில் எங்கள் நாள் ஓடிவிடும்.

ஏப்ரலில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. மகரந்தமும் மஞ்சள் தூசியும் பறக்கிற நேரம் வேறு. கொடியில் துணி தொங்கவில்லை. கார் மேல் தூசி படிந்து, பறவைகள் வேறு தங்கள் வேலையைக் காட்டி, மினாமோவின் முகமே தெரியவில்லை. அவன் எழுந்து வரும்போது கார் பளிச்சென்று நிற்கட்டுமே என்று நினைத்தேன். வாழ்க்கையில் ஒரே ஒரு முறை அவனுடைய காருக்கு ஒரு நல்லது செய்யலாம் என்று பார்த்தேன்.

நீங்கள் இதற்குள் புரிந்துகொண்டு கண்ணை மூடியிருப்பீர்கள். ஆம். பெட்ரோல் பங்கில் இருக்கிற கழுவும் இயந்திரத்துக்குள் ஓட்டிவிட்டேன். பெரிய பெரிய பிரஷ்கள் சுழல்கிற இயந்திரம். உங்கள் கூட்டத்தில் எவரும், தூக்கத்தில்கூட, அதைச் செய்ய மாட்டார்கள் என்று ஓனுகி பிறகு சொன்னார். "கையாலதான் சார், கையாலதான்" என்று தலையில் அடித்துக்கொண்டார். நான் உள்ளே உட்கார்ந்து, நுரை வழிவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். சுகமாகக்கூட இருந்தது. வெளியே வந்து இறங்கிப் பார்த்தால், மினாமோவின் இடது கண்ணிலிருந்து தாடை வரை வெங்காயத் தோல் மாதிரி உரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. தொப்பி அப்படியே இருந்தது. வலது கண் என்னைப் பார்த்தபடி சிரித்துக்கொண்டிருந்தது.

கையால் அழுத்தி ஒட்டிப் பார்த்தேன். எச்சில்கூடத் தொட்டேன். இன்னும் கிழிந்ததுதான் மிச்சம்.

வீட்டுக்கு வந்ததும் தார்ப்பாயைப் போட்டு மூடிக் கயிறு கட்டினேன். வெயில் படாமல் இருக்க என்று சொல்லிக்கொள்ளலாம் என்பது என் திட்டம். யாரிடம் சொல்ல? அவன்தான் கேட்கவே இல்லையே. காய்ச்சல் விட்டது. துணி மட்டும் கொடிக்குத் திரும்பவில்லை. அவன் இன்னும் கீழே வரவில்லை போலிருக்கிறது, பார்க்கவில்லை போலிருக்கிறது என்று நானும் சுமியேவும் ஒருவரை ஒருவர் சமாதானப்படுத்திக்கொண்டோம். மே மாதத்தில் ஒரு நாள் காற்றில் தார்ப்பாய் விலகியது. கட்டப் போனேன். கிழிந்த கன்னத்தின் மேல், குறுக்காக, ஒரு பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. பழம் அடுக்கும் கொட்டகையில் சுமியே விரல் வெட்டுக்கு வைத்திருக்கிற சாதாரணப் பிளாஸ்திரி. அவன் வந்திருக்கிறான். பார்த்திருக்கிறான். கொட்டகை வரை நடந்து போய் எடுத்து வந்திருக்கிறான். பிறகு நான் கட்டின மாதிரியே கயிற்றைத் திரும்பக் கட்டியிருக்கிறான், எனக்குத் தெரிய வேண்டாம் என்று.

அன்று மாடிக்குப் போய்க் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேன். நான் மன்னிப்புக் கேட்டுப் பழகாதவன். குரல் பஞ்சாயத்தில் பேசுகிற மாதிரி வந்தது. அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். உள்ளேயிருந்து மெல்ல, "பரவால்லப்பா. பழசாயிடுச்சுல்ல" என்றான்.

தோஃபு அவர்களே, ஒரு தூசி பட்டாலே துடித்துப்போகிறவன் அவன். அவன் வாயில் 'பரவாயில்லை' வந்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

அடுத்த வாரம் தட்டோடு ஓர் அட்டைப் பெட்டி வெளியே வந்தது. மினாமோவின் தொடர் உள்ள டிஸ்க்குகள், சாவிக்கொத்து, நீங்கள் எல்லோரும் சேர்ந்து அச்சடித்த சின்னப் புத்தகங்கள். மேலே ஒரு சீட்டு: "யாருக்காவது குடுத்துடுங்க." பிறகு அவன் அம்மாவிடம், காரையும் பழைய வண்டி எடுக்கிறவரைக் கூப்பிட்டுக் கொடுத்துவிடலாம் என்றான். "எனக்கு இனிமே வேணாம்மா" என்றானாம். இப்படித் தன் பொருள்களை ஒவ்வொன்றாகக் கொடுத்துவிடுகிறவர்களைத் தனியே விடக் கூடாது என்று டிவியில் ஒரு டாக்டர் பேசிக்கொண்டிருந்தார். சுமியே கேட்டுக்கொண்டிருந்தாள். நான் எழுந்து போய் டிவியை அணைத்துவிட்டேன். இப்படி அறைக்குள் அடைந்திருப்பவர்களுக்காக நகர அலுவலகத்தில் இருக்கிற பெண்மணி இரண்டு முறை வந்தார். நல்லவர். கதவோடு பேசிவிட்டுப் போனார். மறுபடியும் வருகிறேன் என்றிருக்கிறார்.

பழைய வண்டிக்காரர் போன் செய்கிறபோதெல்லாம் நாற்று வேலை இருக்கிறது, மழை பெய்கிறது, சாவியைக் காணோம் என்று ஏதாவது சொல்லி அனுப்பிவிடுகிறேன். இப்போதைக்கு என்னால் முடிந்தது அவ்வளவுதான். இந்த மாதக் கடைசியில் நேரிலேயே வருகிறேன் என்கிறார்.

டிஸ்க்குகளை யாருக்கும் கொடுக்கவில்லை. நானும் சுமியேவும் பார்த்தோம். முதல் பகுதியில் நான் தூங்கிவிட்டேன், மறைக்கவில்லை. கடலுக்குள் மூழ்கிப்போன ஊர், அதன் அடியில் ஓடுகிற பேருந்து, ஒருவரிடமும் காசு வாங்காத கண்டக்டர். இப்படி நடத்தினால் எந்தக் கம்பெனி பிழைக்கும் என்று சொன்னேன். சுமியே, "சும்மா பாருங்க" என்றாள். பிறகு நான் தூங்கவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் அந்தப் பெண் கதவைப் பிடித்துத் தொங்கியபடி, "இன்னும் எடம் இருக்கு, ஏறுங்க" என்று கூப்பிடுகிறாள். யாரும் இல்லாத நிறுத்தத்திலும் கூப்பிடுகிறாள். கடைசிப் பகுதியில் கடைசிப் பேருந்து கிளம்புகிறது. கம்பத்தடியில் ஒருவன் நிற்கிறான். அவள் கூப்பிடுகிறாள். திரை இருண்டுவிடுகிறது. அவ்வளவுதானாம், பார்க்க ஆளில்லை என்று அதோடு நிறுத்திவிட்டார்களாம்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நேராக மாடிக்கு ஏறிப் போய்க் கதவைத் தட்டி, "டேய், அவன் ஏறினானா இல்லையாடா?" என்று கேட்டேன். பிறகு, "யாருக்கும் தெரியாதுப்பா. நானும் தோஃபுவும் அதப் பத்தித்தான் எப்பவும் சண்ட போடுவோம்" என்றான். குரலில் ஏதோ ஒன்று இருந்தது. சிரிப்பு என்று சொல்ல மாட்டேன். இந்த வருடம் அவன் என்னிடம் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். அதில் உங்கள் பெயர் இருந்தது. அதனால்தான் மறுநாளே ஓனுகியிடம் ஓடினேன்.

அந்தப் படத்தின் அசல் உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது, நீங்கள் அனுப்பினால் புது முகம் அச்சடித்து ஒட்டிவிடலாம் என்று ஓனுகி சொல்கிறார். அனுப்பினால் மிகவும் கடமைப்பட்டிருப்பேன். ஆனால் நான் கேட்க வந்தது அது இல்லை. முகம் பாதியாகவே இருந்தாலும் இருக்கட்டும். வதாருவுக்கு ஒரு வரி எழுதுங்கள். சண்டையாக இருந்தாலும் சரி. அவன் ஏறினான் என்பது உங்கள் கட்சியா, வதாருவின் கட்சியா என்று எனக்குத் தெரியாது. அதைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. உங்கள் கட்சியாக இல்லாவிட்டால், இந்த ஒரு தடவை மட்டும் மாற்றிக்கொள்ள முடியுமா? நேற்று நானே கதவுக்கு வெளியே நின்று, "இன்னும் எடம் இருக்கு, ஏறு" என்று சொல்லிப் பார்த்தேன். என் குரலுக்கு அது ஒட்டவில்லை. நீங்கள் சொன்னால் ஒட்டும்.

உங்கள் ககோஷிமா பக்கம் எரிமலைச் சாம்பல் அதிகம் விழாமல் இருக்கட்டும். உங்கள் அம்மாவின் துணிகள் கொடியில் சுத்தமாகக் காயட்டும். அவர்கள் பூரண குணமடைய நாங்கள் இருவரும் வேண்டிக்கொள்கிறோம்.

தங்களை நேரில் அறியாத, தங்களையே நம்பியிருக்கும்,
நெமோத்தோ ஷோஹெய்

பி.கு.: உறையை ஒட்டும் முன் இதையும் எழுதிவிடச் சொல்கிறாள் சுமியே. முந்தாநாள் மழையில் பழைய பிளாஸ்திரி ஊறி, தார்ப்பாய்க்கு அடியில் தரையில் விழுந்து கிடந்தது. இன்று காலை அவள் ஒன்றும் சொல்லாமல், ஒன்றும் எழுதாமல், தட்டில் சோற்றுக்கும் மிசோ சூப்புக்கும் பக்கத்தில் ஒரு புதுப் பிளாஸ்திரிப் பெட்டியை வைத்தாள். மாலையில் தட்டு திரும்பி வந்தது. பெட்டியில் ஒன்று குறைந்திருந்தது. அது அவனுடைய காயத்துக்கு இல்லை, மினாமோவுக்காகத்தான் இருக்க வேண்டும் என்று இருவரும் சொல்லிக்கொண்டோம். தார்ப்பாயைத் தூக்கிப் பார்க்கத்தான் இரண்டு பேருக்கும் துணிவு வரவில்லை.