மாப்பிள்ளைக் கொசுவும் வராத குழாயும்

அன்புள்ள மகளுக்கு,

நம் தெருவுக்கு வரவேண்டிய தண்ணீர்க் குழாயை நிறுத்தியது நீதான். மற்றபடி இங்கே நாங்கள் சௌக்கியம், அங்கே நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, குளிரில் காதை மூடிக்கொண்டு நல்லபடியாக இருப்பாய் என்று நம்பி இதை எழுதுகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் குழாய் என்று வாயைத் திறந்தால் உனக்கு உடனே மீட்டிங் வந்துவிடுகிறது, இந்தப் பக்கம் அப்பா குழந்தையை ஏன் தொந்தரவு பண்றே என்று கையை ஆட்டுகிறார். காகிதத்துக்கு மீட்டிங் கிடையாது, பொறுமையாகப் படி.

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன், உன் கொசு வேலை செய்கிறது. காலில் வரிபோட்ட அந்தப் பகல் கொசு இப்போது கண்ணில் படுவதே அபூர்வம். போன மழைக்கு வீட்டுக்கு ஒருவர் காய்ச்சலில் சுருண்டு கிடந்தோம், இந்த மழைக்கு மருந்துக்கடைக்காரர் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறார். இரவில் வரும் சாக்கடைக் கொசு வழக்கம்போல் கடிக்கிறது, அது வேறு இனம், என் மகளுடைய இலாகா இல்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டேன். பெட்டி வைக்கத் தெருவிடம் சம்மதம் கேட்ட கூட்டத்தில் நீ அன்று திரையில் வந்து படம் போட்டு விளக்கினாயே, பெட்டியில் வரும் முட்டையில் தண்ணீர் ஊற்றினால் ஆண் கொசு மட்டும்தான் வளர்ந்து வெளியே பறக்கும், அது கடிக்காது, இங்கிருக்கும் பெண் கொசுவோடு சேரும், அதற்குப் பிறக்கும் பெண் குஞ்சுகள் வளராமலே செத்துப்போகும் என்று, அதைக் கேட்டு முடித்ததும் கீழ்வீட்டு இஸ்திரிக்காரம்மா என்ன சொன்னாள் தெரியுமா, பொண்ணு பொறந்தா சாகடிக்கிறதுக்கு வெளியூர்ல இருந்து மாப்பிள்ளை வரணுமாக்கா, அதுக்கு இங்கயே ஆளுங்க இருக்காங்களே என்றாள். தெருவே சிரித்தது. அன்றிலிருந்து அது மாப்பிள்ளைப் பெட்டி, நான் சம்பந்தியம்மா. பெட்டி வர இரண்டு நாள் தாமதமானால் சம்பந்தி, உங்க மாப்பிள்ளைங்க கோச்சுக்கிட்டாங்களா என்று மாடியிலிருந்து குரல் வருகிறது. மாடிவீட்டுக்காரி மட்டும் பழக்கத்தில் பெட்டிக்குப் பக்கத்திலேயே கொசுவத்திச் சுருளைக் கொளுத்தி வைத்து ஒரு மாதத்து மாப்பிள்ளைகளைச் சாகடித்தாள், அவளைக் குற்றம் சொல்லி என்ன பயன், உன் அப்பாவே முதல் வாரம் பெட்டியில் புழு நெளிவதைப் பார்த்துப் பதறிப்போய் வாசலில் கவிழ்த்து மிதித்துவிட்டார்.

அவர் பதறியதற்குக் காரணம் கொசு ஒழிப்புக்கு வரும் உதை இன்ஸ்பெக்டர். நீ மறந்திருக்க மாட்டாய், நீ பள்ளிக்கூடம் போன காலத்தில் டார்ச் விளக்கோடு வந்து கட்டிலுக்கு அடியிலெல்லாம் தேடி, தண்ணீர் இருக்கும் வாளியைக் கண்டால் பூட்ஸ் காலால் உதைத்துக் கவிழ்த்து, புழு வளர்த்தீர்கள் என்று அபராதம் போட்டுவிட்டுப் போவாரே அதே மனிதர்தான், தலை மட்டும் நரைத்திருக்கிறது. இப்போது வாராவாரம் வந்து பெட்டியைத் திறந்து பார்த்து, என்னம்மா தண்ணி வத்திப்போச்சு, புழு வளர்க்கிறதுல உங்களுக்கு ஒரு பொறுப்பே இல்லையே என்கிறார். கையில் கேன் வைத்துக்கொண்டு அவரே ஊற்றுகிறார், நல்ல சுத்தமான தண்ணீர். ஐயா, அப்படியே எங்களுக்கும் ஒரு குடம் ஊத்திட்டுப் போங்களேன், நாங்களும் ஆம்பளைங்கதான், கடிக்க மாட்டோம் என்றார் அப்பா. இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வரவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தண்ணீர் லாரி என்று வரும் என்பது லாரிக்கே தெரியாது என்பதால்தான் இங்கே வீட்டுக்கு வீடு டிரம். டிரம்மில்தான் கொசு முட்டை போடுகிறது, குழாய் வந்தால் டிரம் போகும், டிரம் போனால் கொசு போகும், இது நான் சொல்வதில்லை, ஒன்பதாம் வகுப்பில் காய்ச்சல் வந்து எழுந்த மறுநாள் பாவாடையை இழுத்துக் கட்டிக்கொண்டு இதே உதை இன்ஸ்பெக்டரிடம் நீ சண்டை போட்டபோது சொன்னது. அந்த வாயால்தான் நீ பெரிய ஆளாகப் போகிறாய் என்று அப்பா பெருமைப்பட்டார், ஆனாய், சந்தோஷம். எத்தனையோ வருஷம் கழித்துக் குழாய்க்கு உத்தரவாகி, கறுப்புக் குழாய்களைக் கொண்டுவந்து டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் அடுக்கிவிட்டும் போனார்கள். அப்புறம் ஒரு மண்வெட்டியும் வரவில்லை. என்னவென்று கேட்க இன்ஜினீயர் ஆபீசுக்குப் போனால், அந்த இளவயசு இன்ஜினீயர் நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரவைத்து, என்னைப் போய்க் கேக்கறீங்களேம்மா, உங்க பொண்ணு கம்பெனிதானே ஆய்வு முடியற வரைக்கும் தெருவுல ஒன்னையும் மாத்தாதீங்கன்னு கேட்டுக்கிட்டாங்க என்றார். குழாய் போட்டுவிட்டால் கொசு குறைந்தது குழாயாலா உங்கள் பெட்டியாலா என்று தெரியாமல் போய்விடுமாம். உன்னிடம் கேட்டேன், ஆமாம்மா, ரெண்டு மழைதானே, முடிவு சுத்தமா வரணும் என்றாய். உன் முடிவு சுத்தமாக வருவதற்காக நாங்கள் டிரம்மைக் கழுவிக் கழுவி நிரப்பினோம். தெருவில் ஒருத்தரும் முகம் சுளிக்கவில்லை, நம்ம பொண்ணு கேட்குது, குடத்தைத் தூக்கிட்டுப் போறது நமக்கு என்ன புதுசா என்றார்கள். அந்த நம்ம பொண்ணு என்ற சொல்லை மட்டும் நீ ஒரு நிமிஷம் வைத்துப் பார்.

ஆய்வு முடிந்து உன் ஆபீஸ் ஆட்கள் கேமராவோடு வந்தார்களே, அங்கேதான் இந்தத் தெரு தன் புத்தியைக் காட்டியது. மகள் வேலை செய்யும் இடத்திலிருந்து வருகிறார்கள், அவளுக்குத் தலைகுனிவு வரக்கூடாது என்று யார் சொன்னதோ, முதல்நாளே தெருவைக் கூட்டிப் பெருக்கி, டிரம்மையெல்லாம் உள்ளே உருட்டிவிட்டார்கள். உருட்ட முடியாத டிரம்மின் மேல் துணி விரித்து, பூச்செடியைத் தூக்கி வைத்தார்கள். நானும் பீரோவிலிருந்த நல்ல போர்வையை எடுத்து நம் டிரம்மை மூடினேன், உயரமான ஒரு அம்மாள் அதைத் தொட்டுப் பார்த்து வேலைப்பாடு அழகாக இருக்கிறது என்றாள், உள்ளே என்ன என்று கேட்கவில்லை. எல்லா வாசலிலும் நின்று ஏதாவது குறை உண்டா என்று கேட்டார்கள். குறை ஒன்னும் இல்லீங்க, ரொம்ப நல்லா இருக்கோம் என்று தெரு முழுக்க ஒரே பதில். இஸ்திரிக்காரம்மாவும் அதையே சொன்னாள், அவள் வாய் எப்படிப்பட்டதென்று உனக்குத் தெரியும். பிறகு கேட்டேன், ஏன்டி நீயாவது தண்ணியைச் சொல்லியிருக்கலாமே என்று. சம்பந்தி வீட்டு ஆளுங்க வந்து நிக்கும்போது குறை சொல்றது மரியாதையாக்கா என்று என்னையே திருப்பிக் கேட்டாள்.

அந்த மரியாதையை நீங்கள் படம் பிடித்துக்கொண்டு போனீர்கள். போன வாரம் மறுபடி இன்ஜினீயரைப் பார்த்தேன், ஆய்வு முடிந்ததே, இனிக் குழாய் போடலாமே என்று. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, அந்தக் குழாய் காய்ச்சல் தடுப்புத் திட்டத்துல வந்ததும்மா, இப்ப உங்க தெருவுல காய்ச்சல் எங்க இருக்கு என்றார். குறையே இல்லைன்னு நீங்களே சொன்ன படத்தை மேலதிகாரி பார்த்துட்டார் என்றும் சொன்னார். பூங்காவுக்கு எதிரே பெரிய வீடுகள் இருக்கும் தெருவில் பழைய குழாய் துருப்பிடித்துவிட்டதாம், நம் குழாய்களை அங்கே ஏற்றிக்கொண்டு போக லாரிக்குச் சொல்லியிருக்கிறார்களாம். அங்கே ஆய்வு கிடையாது, பெட்டி கிடையாது, அங்கே யாரும் கொசுவைக் காட்டித் தண்ணீர் கேட்க வேண்டியதும் இல்லை. காய்ச்சல் இருந்தபோது ஆய்வு கெடும் என்று குழாய் இல்லை, ஆய்வு ஜெயித்தபோது காய்ச்சல் இல்லை என்று குழாய் இல்லை. நாங்கள் எப்போது படுத்திருந்தால் உங்கள் எல்லோருக்கும் சௌகரியம் என்று சொன்னால் அப்போது படுத்துக்கொள்கிறோம்.

இதைச் சொல்லாதே என்று அப்பா சொன்னார், அவர் சொன்னபடி போனில் சொல்லவில்லை, எழுதாதே என்று அவர் சொல்லவில்லை. குடத்தோடு மாடிப்படி ஏறும்போது அப்பா ஈரத்தில் வழுக்கி விழுந்துவிட்டார். வலது மணிக்கட்டு எலும்பு முறிந்திருக்கிறது, மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள், பழையபடி கத்தரிக்கோல் பிடிக்க முடியுமா என்று கேட்டதற்கு டாக்டர் பார்ப்போம் என்று மட்டும் சொன்னார். தையல்காரருக்கு வலது கை போனால் மிச்சம் என்ன என்று உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை, உன் படிப்பை வெட்டித் தைத்த கை அது. இப்போது அவர் ஸ்டூலில் உட்கார்ந்து வாயால் சொல்கிறார், நான் வெட்டுகிறேன், பள்ளிக்கூட வாத்தியாரின் சட்டைக்கு இரண்டு இடது கை வைத்து அனுப்பினேன், அவர் நல்ல மனிதர், திட்டவில்லை. இடது கையால் கொசுவாவது அடிக்கலாம்னு பார்த்தா உன் பொண்ணு அதையும் விட்டுவைக்கலையே என்கிறார் அப்பா. சொல்லிவிட்டு அவரே சிரிக்கிறார், சிரித்து முடித்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறார். இதைப் படித்ததும் பதறி டிக்கெட் எடுக்காதே, கைக்குப் போடும் பட்டை எதுவும் வாங்கி அனுப்பாதே. எங்களுக்கு உன்னிடமிருந்து வேண்டியது வேறு.

இன்ஜினீயர் ஒரு வழி சொன்னார், அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், மாட்டிக்கொண்டவர். ஆய்வு செஞ்சவங்களே, கொசு குறைஞ்சாலும் இந்தத் தெருவுக்குக் குழாய் அவசியம்னு ஒரு வரி எழுதிக் கொடுத்தா நான் லாரியை நிறுத்தி வைக்கறேம்மா என்றார். ஒரு வரி, கண்ணு. குழாய் போடாதே என்று கேட்கத் தெரிந்த உங்களுக்கு, போடு என்று கேட்கவும் தெரிந்திருக்கும். இதைப் போனில் பாதி சொல்வதற்குள் அது என் டிபார்ட்மெண்ட் இல்லம்மா, மீட்டிங் வந்துடுச்சு என்றாய். சாக்கடைக் கொசு உன் டிபார்ட்மெண்ட் இல்லை, தண்ணீர் உன் டிபார்ட்மெண்ட் இல்லை, அப்பாவின் மணிக்கட்டு யாருடைய டிபார்ட்மெண்ட் என்றாவது விசாரித்துச் சொல். அடுத்த தெருவுக்கும் பெட்டி வைக்கப்போகிறார்களாம், சம்மதக் கூட்டத்தில் போன தடவைபோல நான்தான் முதலில் கை தூக்க வேண்டும் என்று உதை இன்ஸ்பெக்டர் வந்து சொல்லிவிட்டுப் போனார். யோசிக்கிறேன் என்றேன். அப்பாவைப் போலவே எனக்கும் இப்போது கை சரியில்லை என்று சொல்லலாமா என்றுதான் யோசனை.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைத்து உண்ணாமல் இருந்துவிடாதே. நீ செய்த வேலை நல்ல வேலை, இந்த மழையில் இஸ்திரிக்காரம்மாவின் கைக்குழந்தை காய்ச்சல் இல்லாமல் தவழ்கிறது, அந்தப் புண்ணியம் உன்னைச் சேரும். நீண்ட ஆயுளோடு, நல்ல பெயரோடு, உன் மனசாட்சிக்கு முன்னால் நிமிர்ந்து நிற்கும்படி இரு, அப்பா இடது கையை உன் தலையில் வைத்ததாக நினைத்துக்கொள். காலையில் வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் குழாய்கள் இன்னும் கிடக்கின்றன, தினமும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா, தெருவுக்குச் சம்பந்தியம்மா

குழாய்களை ஏற்றிப்போக லாரி வருவதற்குள் அந்த ஒரு வரியை எழுதி, அடியில் உன் பெயரைப் போட்டு அனுப்பு. அனுப்புவாயா மாட்டாயா, அதை மட்டும் சொல்.