தூண் இல்லாத பால்கனி

காரிமங்கலம் சந்தையில் இன்று ரப்பர் செருப்பு வாங்கினேன். புது ரப்பர் வாசனை மூக்கில் ஏறியதும் நீ பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாய்.

பாலிடெக்னிக்கில் உனக்கு அல்வாவாக இருந்த மெக்கானிக்ஸ் எனக்கு எட்டிக்காய். ஒருபுறம் மட்டும் பிடிமானத்தோடு வெளியே நீளும் தளத்துக்குக் கம்பி ஏன் மேற்பக்கம் வர வேண்டும் என்பது மண்டையில் ஏறவே இல்லை. டவுன் பஸ்ஸில் நீ செருப்பைக் கழற்றி, அதன் விளிம்பில் பேனாவால் குறுக்குக் கோடுகள் போட்டாய். குதிகால் பக்கத்தை இறுகப் பிடித்து, நுனியைக் கீழே அழுத்தினாய். கோடுகள் மேலே விலகின, கீழே நெருங்கின.

"எங்க இழுக்குதோ அங்க கம்பி. அவ்ளோதான்டி."

முன் சீட்டுக்காரர் திரும்பி, உன்னையும் கையிலிருந்த செருப்பையும் பார்த்தார். "நான் ஒண்ணும் பண்ணலீங்களே" என்று எழுந்து போய்விட்டார். தருமபுரி வரும்வரை சிரித்தோம்.

நீ நோயில் போன பிறகு, நீ வரைந்து வைத்த வீட்டுப் படத்தை என்னிடம் கொடுத்து, அப்படியே கட்டச் சொன்னார் உன் அம்மா. மாடியில் தூண் இல்லாத பால்கனி. உனக்கு அதில்தான் உயிர், அவருக்கு அதில்தான் பயம்.

"ரெண்டு தூணு வெச்சிரு கண்ணு. வூடு உழுந்துட்டா என்ன பண்றது?"

கணக்கைத் திரும்பவும் போட்டுப் பார்த்தேன். சரியாகவே இருந்தது. தூண் வைத்தால் அது உன் வீடாக இருக்காது என்று பிடிவாதமாக நின்றேன்.

கான்கிரீட் போடும்போது ஆட்கள் மேல்கம்பியை மிதித்தே அடியில் இறக்கிவிட்டார்கள். வேலையை நிறுத்தி, கம்பியைத் தூக்கிக் கட்டச் சொன்னேன்.

"உள்ள இருந்தா போதாதுங்களா? மேல என்ன, கீழ என்ன?" என்றார் மேஸ்திரி.

"கீழ இருந்தா, இல்லாத மாதிரிதாங்க" என்றேன். உன் அதட்டல் என் குரலில் வந்திருக்க வேண்டும். அவரே குனிந்து கம்பியைத் தூக்கினார்.

அடியில் தாங்கி நின்ற முட்டுகளைப் பிரித்த அன்று அம்மா கண்ணை மூடிக்கொண்டார். பால்கனி அசையவில்லை. நான் நுனிவரை நடந்து காட்டினேன். கைப்பிடிச் சுவர் எழும்பிய பிறகும் அவர் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. எனக்கு வருத்தம்தான்.

நேற்றுப் போனேன். பால்கனியின் கோடியில் நாற்காலி போட்டு மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்.

"பயமில்லீங்களாம்மா?"

"எம்பொண்ணு வேல. தாங்கும்."

உன்னைச் சொன்னாரா, என்னைச் சொன்னாரா என்று கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நானும் உரித்தேன்.