இரண்டு நாள் காய்ச்சல்

சென்னை
14.10.2003

அன்புத் தங்கை காத்தாயிக்கு,

அக்கா பொன்னுத்தாய் எழுதிக்கொள்வது. முடக்குவாதத்தைத் தவிர இங்கே எல்லாரும் சுகம். உனக்கும் அதைத் தவிர வேறொன்றும் இருக்காது என்று நம்புகிறேன்.

போன வாரம் டாக்டரம்மா, "நீங்க சாப்பிடுற மாத்திரை வலியைக் குறைக்கும், உடம்போட எதிர்ப்பையும் சேத்துக் குறைச்சிடும்மா. சளி நெஞ்சுக்கு இறங்கினா தாங்க மாட்டீங்க. நிமோனியாவுக்குத் தடுப்பூசி இருக்கு, போட்டுக்குங்க" என்றார். தடுப்பூசி என்றால் கைக்குழந்தைக்கு என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். வருஷக்கணக்கில் வைத்தியம் பார்க்கிறேன், ஒருவரும் சொன்னதில்லை.

போட்டுக்கொண்டேன். அதை ஏன் கேட்கிறாய். கை தலையணை மாதிரி வீங்கிவிட்டது. காய்ச்சல் வேறு. மணிக்கட்டும் முட்டியும் சேர்ந்துகொண்டு என்னைப் பாடாய்ப் படுத்துகின்றன. மருமகள் ஆனந்தவல்லிதான் சோறு ஊட்டிவிடுகிறாள், இதையும் அவள்தான் எழுதுகிறாள். கையைத் தூக்க முடிந்திருந்தால் அந்த டாக்டரம்மாவுக்கு ஒன்று வைத்திருப்பேன்.

நீயும் அதே மாத்திரைதான் சாப்பிடுகிறாய். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கேட்டு நீயும் போட்டுக்கொள்.

உன் அக்கா,
பொன்னுத்தாய்

மேலவெளி, மன்னார்குடி வழி
22.10.2003

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் படித்து முதலில் சிரித்தேன். பிறகு பயந்துவிட்டேன். தஞ்சாவூர் டாக்டரும் இதே ஊசியைச் சொல்லி, புதன்கிழமை வரச் சொல்லியிருந்தார். பஸ் ஏறப் புடவைகூட மாற்றிவிட்டேன். அந்த நேரம் பார்த்து உன் கடிதம் வந்தது. போகவில்லை.

கோபித்துக்கொள்ளாதே. என் வீட்டுக்காரர் போனதிலிருந்து நிலத்துச் சொந்தக்காரர் கல்யாணம் ஐயா வீட்டார் என்னைக் குத்தகையிலிருந்து கிளப்பப் பார்க்கிறார்கள். நான் நோயாளியாம், சொந்த உழைப்பில் சாகுபடி செய்யவில்லையாம். அதுதான் கோர்ட்டில் அவர்கள் வாதம். எனக்குப் பிள்ளையும் இல்லை, கூட நின்று உழைக்க. நடவு நேரத்தில் கோர்ட்டிலிருந்து அதிகாரி வந்து பார்ப்பார், எந்த நாள் என்று சொல்லமாட்டார்கள். அன்றைக்கு நான் காய்ச்சலில் படுத்துக் கிடந்தால் நிலம் போயிற்று. வீங்கின விரல்களை முந்தானைக்குள் வைத்துக்கொண்டுதான் தெருவில் நடக்கிறேன். நீ போன் போடாதே. கடை போனில் பேசினால் ஊருக்கே கேட்கும்.

நடவு முடியட்டும், போட்டுக்கொள்கிறேன்.

தங்கை,
காத்தாயி

சென்னை
29.10.2003

காத்தாயி,

நான் ஒரு பைத்தியக்காரி. காய்ச்சல் அடித்துக்கொண்டிருந்தபோது சொல்லி எழுதவைத்த கடிதம் அது. மறுநாளே காய்ச்சல் விட்டுவிட்டது. எழுந்து உட்கார்ந்து கீரை ஆய்ந்தேன். அதையும் எழுதத் தோன்றவில்லை, பார். எதையும் ஒன்றைப் பத்தாகச் சொல்கிறவள் நான் என்று உனக்குத் தெரியாதா?

இரண்டு நாள் காய்ச்சல், அவ்வளவுதான். நீ போ. அந்த இரண்டு நாளும் நான் வந்து உன் வீட்டில் இருக்கிறேன். நிலம் போனால் நாம் இரண்டு பேரும் என் மகன் வீட்டில் இருக்கலாம். நீ இல்லாமல் அந்த நிலத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

பொன்னுத்தாய்

மேலவெளி
24.11.2003

அன்புள்ள அக்காவுக்கு,

அதிகாரி வந்துவிட்டார். நல்ல மழை. நான் வயலில் நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தேன். குடையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் வெகுநேரம் நின்று பார்த்தார். "கை வலிக்குதாம்மா?" என்றார். "சேறுங்க, வேற ஒண்ணும் இல்லீங்க" என்றேன். சேற்றில் வீக்கம் தெரியவில்லை. விரல் ஒவ்வொன்றும் கழன்று விழுகிறாற்போல் இருந்தது, முகத்தில் காட்டவில்லை. பார்த்ததை எழுதிக்கொண்டு போனார்.

நம் அப்பா கூலிக்கு நின்ற வயல் இது, அக்கா. குத்தகை நம் பெயருக்கு வர எத்தனை அடி வாங்கினார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என் கையால் அதை விடமாட்டேன்.

நனைந்ததில் கொஞ்சம் இருமல். டிசம்பர் 18 வாய்தா. அதற்குள் நான் படுத்துவிட்டால் அதையும் கோர்ட்டில் சொல்வார்கள். அது முடிந்த மறுநாள் தஞ்சாவூர் போகிறேன், உன்மேல் சத்தியம்.

காத்தாயி

தஞ்சாவூர், ஆஸ்பத்திரி
2.12.2003

அக்காவுக்கு,

நான் சொல்ல நர்ஸ் பெண் எழுதுகிறாள். நெஞ்சில் நிமோனியா என்கிறார்கள். அதிகம் பேச மூச்சு இல்லை.

இதைப் படித்ததும் உன் கடிதத்தால்தான் என்று நீ அழுவாய். அது இல்லை. எனக்கு வயலை விட்டு வர மனமில்லை. உன் கடிதத்தைச் சாக்காக வைத்துக்கொண்டேன்.

கீழத்தெரு ராசம்மாளுக்கும் நம் நோய்தான், இதே மாத்திரைதான். ஊசியைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்லவில்லை. வழக்குப் பயத்தில் நானும் வாய் திறக்கவில்லை. நீ சொல். காய்ச்சல் வரும் என்பதையும் சொல், விட்டுவிடும் என்பதையும் சொல்.

சீக்கிரம் வா.

காத்தாயி

மேலவெளி
27.12.2003

என் தங்கை காத்தாயிக்கு,

பதில் வராது என்று தெரிந்தே எழுதுகிறேன். உன் கடிதம் கிடைத்த அன்றே பஸ் ஏறினேன். நான் வந்து சேர்வதற்குள் போய்விட்டாய். உன் முகத்தைப் பார்த்தேன், குரலைக் கேட்கக் கிடைக்கவில்லை.

வாய்தாவுக்கு நான் போனேன். உன் பெயரை மூன்று தரம் கூப்பிட்டார்கள். மூன்றாவது தரம் எழுந்து நின்று, "அவ இல்லீங்க" என்றேன். அதற்குமேல் அவர்கள் பேசியது எதுவும் என் காதில் ஏறவில்லை. கூட நின்று உழைத்த வாரிசு உனக்கு இல்லை, நிலம் அவர்களுக்குத்தான் போகும் என்று வக்கீல் வெளியே வந்து சொன்னார். நீ நட்ட பயிர் நன்றாகத்தான் நிற்கிறது.

கருமாதி முடிந்ததும் ராசம்மாளிடம் சொன்னேன். முதலில் மாட்டேன் என்றாள். நேற்று நானே தஞ்சாவூருக்கு அழைத்துப்போய் ஊசி போடவைத்தேன். இன்று அவளுக்கு நல்ல காய்ச்சல். கை வீங்கிவிட்டது. "எந்தப் பாவிடி உன்னை இங்க வரச் சொன்னது" என்று காலையிலிருந்து என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். நான் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இந்தத் திட்டை நீ திட்டியிருக்க வேண்டும், காத்தாயி.

உன் அக்கா,
பொன்னுத்தாய்